பார்த்துப் படிக்கும் பிள்ளையா, கேட்டுப் படிக்கும் பிள்ளையா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. இணையத்தில் ஒரு வினாத்தாளை நிரப்பிப் பார்த்தேன். அவள் 'பார்த்துக் கற்கும் வகை' என்று வந்தது. அதிலிருந்து எல்லாப் பாடத்தையும் படம், வீடியோ என்றே சொல்லித் தருகிறேன். பார்க்கும்போது புரிந்துவிட்டது என்கிறாள். நான்கு நாள் கழித்துக் கேட்டால் விழிக்கிறாள். 12 வயது மகன் நடந்துகொண்டே சத்தமாகப் படிக்கிறான். அவனை உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல வேண்டுமா?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளிடமும் குறையில்லை, நீங்கள் எடுக்கும் சிரமத்திலும் குறையில்லை. அந்த வினாத்தாளை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

பார்ப்பது, கேட்பது, எழுதிப் படிப்பது, செய்து பார்ப்பது என்ற நான்கு வகைப் பிரிவைப் பரவலாக்கியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங். அவருடைய 'வார்க்' வினாத்தாள் ஒருவருக்கு எது பிடிக்கும் என்பதைக் கேட்கிறது. பிடித்த வழியில் சொல்லிக் கொடுத்தால் பாடம் கூடுதலாக மனதில் நிற்குமா என்பது வேறு கேள்வி. ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்து, அப்படி நிற்கும் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றார்கள்.

ஆகவே பிள்ளை எந்த வகை என்று தேடுவதைவிட, பாடம் எந்த வழியைக் கேட்கிறது என்று பாருங்கள். வரைபடத்தைக் காதால் படிக்க முடியாது. ல, ள, ழ வித்தியாசத்தைப் படம் பார்த்துப் பழக முடியாது. கேட்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்னம் புரியவில்லையா? ஒரு தாளை நான்காக மடித்து மூன்று பங்குக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். அப்புறம் அதையே ¾ என்று எழுதட்டும். ஒரே விஷயத்தைப் படமாகவும் சொல்லாகவும் சேர்த்துப் படிப்பது எல்லாப் பிள்ளைக்கும் உதவும். நீங்கள் படம் காட்டியதில் தவறில்லை. அதோடு நிறுத்திக்கொண்டதுதான் சிக்கல்.

இப்போது மகளின் மறதிக்கு வருவோம். வீடியோ ஓடும்போது எல்லாம் கண்முன்னே இருக்கிறது, அதனால் தெரிந்த மாதிரி இருக்கும். பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது தனி வேலை. அந்தப் பழக்கம்தான் அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது. உங்கள் வீட்டில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

இன்றிலிருந்தே இப்படிச் செய்து பாருங்கள். வீடியோ ஐந்து நிமிடம் போதும். பிறகு அணைத்துவிட்டு, வெற்றுத் தாளில் நினைவில் இருப்பதை வரையவோ எழுதவோ சொல்லுங்கள். பாதிதான் வரும், வரட்டும். உடனே விடையை எடுத்துக் கொடுக்காதீர்கள். தடுமாறி யோசிக்கிற அந்த அரை நிமிடம் மிகவும் முக்கியம். பிறகு அவளே புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேர்க்கட்டும். அதே பாடத்தை மறுநாள் இரண்டு கேள்வி, மூன்று நாள் கழித்து இரண்டு, ஒரு வாரம் கழித்து இரண்டு என்று கேளுங்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதைவிட இப்படிப் பிரித்துப் படிப்பது நன்றாகத் தங்கும்.

மகன் நடந்துகொண்டு படித்தால் படிக்கட்டும். கை கால் அசைவது சில பிள்ளைகளுக்கு இயல்பு, சத்தமாகப் படிப்பதும் நினைவுக்கு நல்லது. ஆனால் வாய் ஓடிக்கொண்டிருக்க மனம் எங்கோ இருக்கலாம். பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, தங்கைக்குச் சொல்வதுபோல் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். கணக்குக்கு மட்டும் உட்கார்ந்தே ஆக வேண்டும். போட்டுப் பார்க்காமல் கணக்கு வராது. 20 நிமிடம் போட்டதும் எழுந்து சற்று நடந்துவிட்டு வரட்டும்.

பிடித்த வழிக்கும் ஓர் இடம் உண்டு. படிக்க உட்காரவே அடம்பிடிக்கிற நாளில் மகளுக்குப் படத்தோடு தொடங்குங்கள். 'நீ பார்த்துப் படிக்கிற பிள்ளை' என்று மட்டும் அவள் காதுபட அடிக்கடி சொல்ல வேண்டாம். நீளமான பாடத்தைப் பார்த்ததும் 'இது எனக்கு வராது' என்று அவளே ஒதுங்கிவிடுவாள்.

இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தும், வயதுக்குத் தகுந்த எளிய வரிகளைக்கூட எழுத்துக் கூட்டித் திணறினாலோ, சொல்வது காதில் சரியாக விழாததுபோல் இருந்தாலோ, கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிரமம் இருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால் பலனும் அதிகம்.