கோப்பு சிறிது, அணி பெரிது: கெர்னல் என்ன செய்கிறது?

கேள்வி: லினக்ஸில், சி மொழியில் ஒரு கோடி முழு எண்கள் கொண்ட அணி (அர்ரே) ஒன்றைக் குளோபல் மாறியாக அறிவித்தேன். அதற்கு 40 எம்.பி. இடம் வேண்டும், ஆனால் கம்பைல் செய்த கோப்பு சில கே.பி.தான் இருந்தது. முதல் உறுப்புக்கு மட்டும் 1 என்று மதிப்பளித்ததும் கோப்பு 40 எம்.பி.க்கு வீங்கிவிட்டது. இயங்குதளத்தின் மையமான கெர்னல், கோப்பின் உட்பகுதிகளான இந்த செக்‌ஷன்களை எப்படித்தான் நினைவகத்தில் ஏற்றுகிறது?
- கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: செக்‌ஷன்களை கெர்னல் பார்ப்பதே இல்லை. டெக்ஸ்ட் (நிரலின் கட்டளைகள்), டேட்டா (மதிப்பளித்த மாறிகள்), பி.எஸ்.எஸ். (மதிப்பளிக்காத மாறிகள்) என்ற பகுப்பெல்லாம், துண்டுகளைக் கோத்து நிரல் கோப்பை உருவாக்கும் லிங்கருக்கும் பிழை தேட உதவும் டீபக்கருக்கும் உரியவை. ஒரே அனுமதி (படிக்க, எழுத, இயக்க) போதுமான செக்‌ஷன்களைச் சேர்த்து லிங்கர் அமைத்துவைக்கும் செக்மென்ட்களே கெர்னலுக்குக் கணக்கு.

நிரலை இயக்கியதும், இன்றைய லினக்ஸ் கெர்னல் கோப்பின் முதல் 256 பைட்டுகளைப் படிக்கிறது. தொடக்கத்தில் 127 என்ற மதிப்புள்ள பைட்டும், அடுத்து ஈ, எல், எஃப் என்ற எழுத்துகளும் (லினக்ஸ் நிரல் கோப்பு வடிவமான ELF-இன் அடையாளம்) இருந்தால், செக்மென்ட்களைப் பட்டியலிடும் புரோகிராம் ஹெடர் அட்டவணையைப் புரட்டுகிறது. அதில் 'லோட்' என்று குறிக்கப்பட்ட ஒவ்வொரு பதிவிலும், செக்மென்ட் கோப்பில் தொடங்கும் இடம், நினைவகத்தில் அமர வேண்டிய முகவரி, அனுமதிகள் ஆகியவற்றோடு இரண்டு அளவுகள் உண்டு: கோப்பில் எத்தனை பைட்டு, நினைவகத்தில் எத்தனை பைட்டு. உங்கள் புதிரின் விடை இவ்விரண்டின் வித்தியாசத்தில் இருக்கிறது. மதிப்பளிக்கப்படாத அணி பி.எஸ்.எஸ்.ஸில் சேர்வதால், நினைவக அளவு மட்டும் கூடுகிறது. மிஞ்சும் இடத்தைப் பூஜ்யமாகத் தருவது கெர்னலின் பொறுப்பு. ஓர் உறுப்புக்கு 1 கொடுத்தாலும் அணி முழுவதும் டேட்டாவுக்கு மாறிவிடுகிறது. எஞ்சிய பூஜ்யங்களும் கோப்பில் எழுதப்படுகின்றன.

இங்கே ஒரு நுணுக்கம். நினைவகத்தைக் கெர்னல் 'பக்கம்' என்ற சம அளவுத் துண்டுகளாகக் கையாள்கிறது; இன்டெல், ஏ.எம்.டி. செயலிகள் கொண்ட எக்ஸ்86 கணினிகளில் ஒரு பக்கத்தின் வழக்கமான அளவு 4096 பைட்டு. டேட்டா ஒரு பக்கத்தின் நடுவில் முடிந்தால், அப்பக்கத்தின் மீதியில் கோப்பில் அடுத்து இருப்பது எதுவோ அது வந்து உட்கார்ந்துவிடும். அதை அப்படியே விட்டால் பூஜ்யமாக இருக்க வேண்டிய மாறியில் குப்பை இருக்கும் என்பதால், அந்தக் கடைசித் துண்டை மட்டும் கெர்னல் தானே பூஜ்யங்களால் நிரப்புகிறது.

மற்றபடி 'ஏற்றுதல்' என்பதே சற்று மிகையான பேச்சு. கோப்பின் இன்ன பகுதி இன்ன முகவரிக்கு உரியது என்று கெர்னல் பதிந்துகொள்வதோடு சரி. செயலி ஒரு முகவரியைத் தொட்டு, அங்கே பக்கம் இல்லையென்று பேஜ் ஃபால்ட் எழும்போதுதான் அந்தப் பக்கம் கொண்டுவரப்படுகிறது. ஆகவே உங்கள் 40 எம்.பி. அணியில் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினால், அந்த அணிக்காகச் செலவாகும் ராம் ஏறக்குறைய அந்த ஒரு பக்கம்தான். ஒரே நிரலைப் பத்துப் பேர் இயக்கினாலும், மாற்றப்படாத டெக்ஸ்ட் பக்கங்கள் ராமில் ஒரு பிரதியாகவே இருக்கும். டேட்டா பக்கத்தில் ஒருவர் எழுதும்போது மட்டும் அவருக்குத் தனிப் பிரதி உருவாகும்.

கெர்னலுக்கு செக்‌ஷன்கள் தேவையில்லை என்பதைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், அவற்றின் பட்டியலான செக்‌ஷன் ஹெடர் அட்டவணையைக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டு இயக்குங்கள். டீபக்கர் திணறும், நிரல் ஓடும்.