தென்னாப்பிரிக்கா சாட்ஸ்வொர்த் அக்காவுக்கு: தமிழ் கிளாஸ் பத்தி எந்த மினிஸ்டருக்கு எழுதணும்

அக்கா, மகளோட ஸ்கூல்ல தமிழ் கிளாஸை நிறுத்தப் போறாங்கன்னு கல்வி மினிஸ்டருக்கு லெட்டர் போட்டீங்க, அது எங்க டிபார்ட்மென்ட் இல்லன்னு திரும்பி வந்துச்சுன்னு எழுதியிருந்தீங்களே, படிச்சதும் மனசு கஷ்டமாப் போச்சு. நீங்க எழுதுனது ஹையர் எஜுகேஷன் மினிஸ்டருக்கு, அவங்க பாக்குறது யுனிவர்சிட்டியும் காலேஜும் தான். 2009-ல ஜனாதிபதி ஜுமா கேபினெட் அமைச்சப்போ கல்வியை ரெண்டாப் பிரிச்சாரு, ஸ்கூல் எல்லாம் பேசிக் எஜுகேஷன்னு தனி மினிஸ்டர் கைக்குப் போச்சு, 2024-ல வந்த கேபினெட்லயும் அது தனித்தனி தான்.

ஆனா பிரிட்டோரியாவுல இருக்குற நேஷனல் மினிஸ்டருக்கு மறுபடி எழுதுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன். பாடத்திட்டம் நேஷனல் மினிஸ்டர் கையில, ஸ்கூல் நடத்துறதும் டீச்சர் போடுறதும் மாகாணம், அதனால நம்ம குவாசூலு-நட்டால் மாகாணத்தோட கல்வி எம்.இ.சி.க்கு, அதாவது மாகாணக் கல்வி மினிஸ்டருக்கு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆபீசுக்கு எழுதுங்க, நேஷனல் மினிஸ்டருக்கு ஒரு காப்பி போதும். டெபுடி மினிஸ்டருக்கு வேண்டாம், சட்டப்படி அவங்க கேபினெட்லயே கிடையாது.

அதுக்கும் முன்னாடி ஸ்கூல் கவர்னிங் பாடியை, அதான் பெத்தவங்களும் டீச்சர்களும் இருக்குற நிர்வாகக் குழுவைப் பாருங்க, மொழி விஷயத்துல அவங்களுக்குப் பங்கு இருக்கு. போன வருஷம் என் பையன் ஸ்கூலுக்கு நாங்க அப்படித்தான் செஞ்சோம், கோயில் வாசல்ல மேஜை போட்டு, பிள்ளை பேரு, கிரேடு, அம்மா அப்பா கையெழுத்துன்னு ஒரே தாள்ல வாங்குனோம், அந்தத் தாளைப் பாத்ததும் தான் மீட்டிங்கே வச்சாங்க.

லெட்டர்ல அரசியல் சட்டம் 6-ஆம் பிரிவைக் கட்டாயம் போடுங்க, மதிச்சு வளர்க்க வேண்டிய மொழிகள்ல தமிழ்னு பேரு சொல்லியே எழுதியிருக்கு. வரைவு எழுதி இங்க போடுங்கக்கா, இன்னைக்கு ராத்திரியே படிச்சுத் திருத்தித் தரேன்.