நாய்க்கு அலர்ஜி மாத்திரை தினமும் கொடுத்தா கேன்சர் வருமா? ஊசியே போதுமா?

நீங்க கேட்டது இது: நாலு வயசு லேப்ரடார் நாய், முப்பது கிலோ, ஒரு வருஷமா பாதத்த நக்கிட்டே இருக்கான், காது நாறுது, டாக்டர் அபோகுவெல்னு தினமும் கொடுக்கற அரிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கார், நெட்ல தேடினா கேன்சர்னு வருது, அதனால பேசாம செட்ரிசினோ இல்ல முன்ன போட்டப்போ அரிப்ப நிறுத்தின அந்த ஊசியோ போதுமா. சரிதானே?

என் அபிப்ராயத்த மொதல்ல சொல்லிடறேன். அபோகுவெல் கொடுக்கக் கூடாத நாய்ங்க நிஜமாவே இருக்கு, ஆனா நீங்க எழுதின விவரத்த வச்சுப் பார்த்தா உங்க பையன் அந்தக் கூட்டத்துல வர்ற மாதிரி எனக்குத் தெரியல, என்னைக் கேட்டா அத விட அந்த ஊசிய மாசா மாசம் போடறத நெனச்சாதான் பயமா இருக்கு. நான் டாக்டர் இல்லைங்க. மதுரையில இருக்கேன், எங்க பிரவுனிக்கு இதே தோல் அலர்ஜி, சின்ன வயசுல ஆரம்பிச்சது, இன்னிக்கு வரைக்கும் மாத்திரை, குளியல், காது மருந்துன்னுதான் ஓடுது. அதனால டாக்டர்கிட்ட கேட்டுக் கேட்டு, மருந்து டப்பாக்குள்ள இருக்கற அந்தப் பொடி எழுத்து பேப்பரப் படிச்சுப் படிச்சு தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன்.

எல்லாரும் மருந்தோட ஆபத்த மட்டும் ஒரு பக்கம் வச்சுப் பேசறாங்க, மருந்து கொடுக்காம விட்டா என்ன ஆகும்னு யாரும் பேசறதில்ல. எங்க அப்பா கூட ஆரம்பத்துல "நாய்னா சொறியத்தான் செய்யும், அதுக்குப் போய் தினம் மாத்திரையா"ன்னுதான் சொன்னார். ராத்திரி முழுக்க அது தூங்காம பாதத்தக் கடிச்சுக் கடிச்சு விரலிடுக்கு எல்லாம் செவந்து, புண்ணாகி, சீழ் வச்சு, அதுக்கு ஆன்டிபயாட்டிக், அது முடிஞ்சு ரெண்டு வாரத்துல திரும்ப அதே கதை, இப்படியே போனா தோல் தடிச்சு யானைத்தோல் மாதிரி கறுத்துப் போயிடும், திரும்பத் திரும்ப ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கொடுத்து கடைசில எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேக்காத கிருமி வந்து உக்காந்துக்கும். அப்படிப் பார்த்தா ஒண்ணும் கொடுக்காம இருக்கறதும் ஒரு ரிஸ்க்தான், அதையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

அடுத்தது, இது நிஜமாவே அலர்ஜிதானா? இதுக்கு விடை தெரியாம எந்த மருந்தோட ரிஸ்க்கையும் எடை போட முடியாது. நம்ம ஊர்ல உண்ணியும் தெள்ளும் இல்லாத மாசமே கிடையாது. தெள்ளு கடிச்சா அதோட எச்சிலுக்கே சில நாய்ங்களுக்கு அலர்ஜி, அந்த அரிப்பு பெரும்பாலும் இடுப்புலயும் வால் ஆரம்பிக்கற எடத்துலயும் இருக்கும். பாதம், அக்குள், அடிவயிறு, காது, மூஞ்சி, இந்த எடத்துல எல்லாம் அரிப்புன்னா, அதுவும் ஒரு வயசுலேருந்து மூணு வயசுக்குள்ள ஆரம்பிச்சிருந்தா அட்டோபின்னு, அதாவது சுத்துப்புறத்துல இருக்கற தூசி மாதிரி விஷயங்களுக்கு வர்ற தோல் அலர்ஜின்னு சந்தேகப்படுவாங்க, வீட்டுத் தூசியில இருக்கற கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் இதுக்கு ரொம்ப பொதுவான காரணம். சாப்பாட்டு அலர்ஜியும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், அத ரத்த டெஸ்ட் வச்சு நம்பகமா கண்டுபிடிக்க முடியாது, இதுவரைக்கும் சாப்பிடாத ஒரு கறிய மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கறதுதான் வழி, அந்த எட்டு வாரத்துல பால் பிஸ்கட் ஒண்ணு கூட கூடாது (வீட்ல பாட்டி இருந்தா இது பெரும்பாடு, தெரியும்).

இதுல டெமோடெக்ஸ்னு ஒண்ணு இருக்கு, மயிர்க்கால்ல இருக்கற பூச்சி, அதனால வர்ற சொறிய அலர்ஜின்னு நெனச்சு ஸ்டீராய்டோ அபோகுவெல்லோ கொடுத்தா எதிர்ப்பு சக்தி குறைஞ்சு அது உடம்பு பூரா பரவலாம். இதுக்குத்தான் தோலச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பார்க்கற ஸ்கின் ஸ்க்ரேப்பிங். சின்ன டெஸ்ட்தான், உங்க டாக்டர் பண்ணாம இருந்தா பண்ணச் சொல்லி கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. அதோட ஒரு ரத்த டெஸ்ட்டும் எடுத்துடுங்க. உண்ணிக் காய்ச்சல், அதாவது எர்லிக்கியா, வெளிய தெரியாம உள்ளுக்குள்ளயே மாசக்கணக்குல கிடக்கும், அப்படி ஒரு இன்ஃபெக்‌ஷன் மறைஞ்சிருக்கறப்போ எதிர்ப்பு சக்திய தொடற மருந்த ஆரம்பிக்கறது நல்லதில்ல, பிளேட்லெட் கொறைவா இருந்தா அங்கயே ஒரு க்ளூ கிடைச்சிடும். எங்க டாக்டர் இந்த ரெண்டையும் பார்க்காம மாத்திரை எழுத மாட்டேன்னு உறுதியா இருந்தார், அதுக்கு அவருக்கு நான் இன்னிக்கும் நன்றி சொல்றேன்.

இப்ப ஊசிக்கு வரேன். "அலர்ஜி ஊசி"ன்னு பொதுவா போடறதுல ஏவில்ங்கற சாதாரண அலர்ஜி மருந்து மட்டும் இருந்தா அது வேற விஷயம், ஆனா ஒரே நாள்ல அரிப்பு சுத்தமா நின்னுச்சுன்னா உள்ள ஸ்டீராய்டு இருந்திருக்க ரொம்ப வாய்ப்பு இருக்கு. பேரக் கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. அதுலயும் டிரையாம்சினோலோன் மாதிரி உள்ள தங்கி வாரக்கணக்குல வேலை செய்யற ஊசின்னா, போட்டதுக்கப்புறம் பக்க விளைவு வந்தா திரும்ப எடுக்க வழியில்ல. மாத்திரைன்னா படிப்படியா கொறைக்கலாம். எங்க தெருவுல ஒரு பக் ஜாதி நாய், மாசா மாசம் இந்த மாதிரி ஊசி, அரிப்பு இல்லன்னு அந்த வீட்டுக்காரங்களுக்கு ஒரே நிம்மதி, ஆனா நாய் குடம் குடமா தண்ணி குடிச்சுது, வீட்டுக்குள்ளயே மூத்திரம் போச்சு, எப்பப் பார்த்தாலும் பசி, வயிறு பானையாட்டம் தொங்கிப் போச்சு, முதுகுல முடி கொட்டி தோல் காகிதமா ஆயிடுச்சு. கடைசில வேற டாக்டர் பார்த்துட்டு இது மருந்தால வந்த குஷிங், அதாவது உடம்புல ஸ்டீராய்டு அளவுக்கு மீறினதால வர்ற வியாதின்னு சொன்னார். ஸ்டீராய்டு ரொம்ப நாள் போனா சர்க்கரை வியாதி, மூத்திரப்பை இன்ஃபெக்‌ஷன், தசை கரையறது எல்லாம் வரலாம்.

அதுக்காக ஸ்டீராய்டே விஷம்னு நான் சொல்ல வரல. ப்ரெட்னிசோலோன் மாத்திரை விலை கம்மி, வேகமா கேக்கும், அரிப்பு உச்சத்துல இருக்கறப்போ அஞ்சாறு நாள் கொடுத்துட்டு விடறதுக்கு அது நல்ல மருந்து. ரெண்டு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்கோங்க: ரொம்ப நாளா கொடுத்துட்டு வந்தத திடீர்னு நிறுத்தக் கூடாது, உடம்பு தானே சுரக்கற ஸ்டீராய்ட அதுக்குள்ள மறந்திருக்கும். அதே மாதிரி கால்வலிக்குன்னு மெலாக்ஸிகாம் மாதிரி வலி மாத்திரை ஓடிட்டிருந்தா அதோட சேர்த்து ஸ்டீராய்டு கொடுக்கவே கூடாது, வயித்துல புண்ணு வந்து ரத்தம் கசியும்.

அபோகுவெல். இதுல இருக்கறது ஒக்லாசிடினிப், 2013ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதிச்சது. அரிப்பு சேதிய மூளைக்குக் கொண்டு போற இன்டர்லூக்கின் 31னு ஒரு புரதம் இருக்கு, அது வேலை செய்யற பாதைய இந்த மாத்திரை அடைக்குது. ஸ்டீராய்டு மாதிரி தண்ணித் தாகமோ பெரும்பசியோ பெருசா வர்றதில்ல, ஆரம்பத்துல வாந்தியும் வயித்துப்போக்கும் சில நாய்க்கு வரும். டோஸ் ஒரு கிலோவுக்கு 0.4லேருந்து 0.6 மில்லிகிராம், உங்க முப்பது கிலோவுக்கு 16 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணு சரியா வரும். அதிகபட்சம் 14 நாள் ரெண்டு வேளை, அப்புறம் ஒரு வேளைதான். பதினஞ்சாவது நாள் ஒரு வேளையா கொறைக்கறப்போ அரிப்பு கொஞ்சம் திரும்ப எட்டிப் பார்க்கும், அப்போ பாவமா இருக்கேன்னு நீங்களா ரெண்டு வேளைய தொடரக் கூடாது, டாக்டர்கிட்ட பேசுங்க. ஒரு வயசுக்குக் கீழ இருக்கற குட்டிக்கு கூடாது, கர்ப்பமா இருக்கற, பால் கொடுக்கற நாய்க்கு கூடாது, தீவிரமான இன்ஃபெக்‌ஷன் இருந்தா கூடாது. ஆறு மாசக் குட்டிங்களுக்கு மூணு மடங்கு அஞ்சு மடங்கு டோஸ் கொடுத்துப் பார்த்த ஒரு பாதுகாப்பு ஆய்வ, நிமோனியாவும் டெமோடெக்ஸும் வந்ததால பாதியில நிறுத்தினாங்கன்னு அந்த மருந்துப் பேப்பர்லயே போட்டிருக்கு. அதனால வயசு விஷயத்துல விளையாடாதீங்க.

கேன்சர் பயத்துக்கு காரணம் இருக்கு. ஏற்கனவே கட்டி இருந்தா அது மோசமாகலாம்னு மருந்துப் பேப்பரே எச்சரிக்குது. அதோட 2021ல இதே குடும்பத்த சேர்ந்த மனுஷங்களுக்கான டோஃபாசிடினிப் மாத்திரைக்கு எஃப்டிஏ மாரடைப்பு, ரத்தக்கட்டி, கேன்சர்னு கடுமையான எச்சரிக்கை போட்டுச்சு, அது மூட்டுவாதம் இருக்கற அம்பது வயசு தாண்டின, இதய நோய் வாய்ப்பும் உள்ள ஆளுங்கள வச்சு பண்ணின ஆய்வுலேருந்து வந்தது. அத அப்படியே நாய்க்குப் பொருத்த முடியாது. நாய்க்குன்னு பார்த்தா 2020ல அமெரிக்க கால்நடை மருத்துவ சங்கத்தோட ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, அலர்ஜி இருக்கற 660 நாய், அதுல பாதிக்குப் பக்கம் ஆறு மாசத்துக்கு மேல இந்த மாத்திரை சாப்பிட்டது, மீதி சாப்பிடாதது, வயசும் ஜாதியும் ஒப்பிட்டுப் பார்த்ததுல கேன்சர் வர்றதுல குறிப்பிடற மாதிரி வித்தியாசம் இல்ல. பழைய ரெக்கார்டுகள திருப்பிப் பார்த்து பண்ணின ஆய்வு அது, அதனால கடைசி வார்த்தைன்னு எடுத்துக்க முடியாது, ஆனா "அபோகுவெல் கொடுத்தேன், கட்டி வந்துச்சு"ன்னு ஒருத்தர் போடற கமென்ட்ட விட எனக்கு அது கனமானது. லேப் நாய்க்கு வயசாச்சுன்னா மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடலன்னாலும் கட்டிங்க வரும். என் முடிவு என்னன்னா, நாலு வயசு, கட்டி ஒண்ணும் இல்ல, ரத்தம் நார்மல்னா தைரியமா கொடுப்பேன். பத்து வயசு, முன்ன ஒரு கேன்சர் கட்டி எடுத்த நாய்னா கொடுக்க மாட்டேன், வேற வழி கேப்பேன்.

வேற வழின்னா லோகிவெட்மேப், சைட்டோபாயிண்ட்னு பேரு, மாசத்துக்கு ஒரு தரமோ ரெண்டு மாசத்துக்கு ஒரு தரமோ போடற ஊசி. அதே இன்டர்லூக்கின் 31 ஒண்ண மட்டும் பிடிச்சு வைக்கற ஆன்டிபாடி, ஸ்டீராய்டே இல்ல. இல்லன்னா சைக்ளோஸ்போரின், அது முழுசா கேக்க நாலுலேருந்து ஆறு வாரம் ஆகும், வாந்தி ஜாஸ்தி, பொறுமை வேணும்.

செட்ரிசின் பத்தி கேட்டீங்க. ஆபத்து கம்மிதான், ஆனா பலனும் கம்மி, லேசான அரிப்புக்கு சில நாய்க்கு கேக்கும், உங்க பையன் இருக்கற நிலைமைக்கு அது பத்தாதுன்னுதான் நெனைக்கறேன். இதுல நெஜமான ஆபத்து எங்க இருக்குன்னா மெடிக்கல் ஷாப்லதான், தயவுசெஞ்சு இத கவனமா படிங்க. "அலர்ஜி மாத்திரை கொடுங்க"ன்னு கேட்டா சளி மாத்திரைய எடுத்துக் கொடுத்துடுவாங்க, அதுல செட்ரிசினோ குளோர்ஃபெனிரமினோ இருக்கும், கூடவே பாராசிட்டமாலும் ஃபீனைல்எஃப்ரினும் இருக்கும். பாராசிட்டமால் நாயோட கல்லீரலக் கெடுக்கும், ஃபீனைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின் எல்லாம் இதயத் துடிப்பையும் பிரஷரையும் ஏத்திடும். ஸ்ட்ரிப்ப திருப்பி ஒரே ஒரு மருந்துப் பேர்தான் இருக்கான்னு பாருங்க. சிரப்பே வேணாம், சிலதுல சைலிட்டால்னு இனிப்பு சேர்த்திருப்பாங்க, நாய்க்கு அது சர்க்கரைய தடால்னு இறக்கிடும்.

மாத்திரை ஆரம்பிச்சீங்கன்னா மாசத்துக்கு ஒரு தரம் தலைலேருந்து வால் வரைக்கும் கையால தடவிப் பாருங்க, புதுசா கட்டி தட்டுப்பட்டா ஊசியால உறிஞ்சி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. தொடர்ந்து ஓடுச்சுன்னா அப்பப்ப ரத்த டெஸ்ட், எவ்வளவு நாளைக்கு ஒருக்கன்னு டாக்டர் சொல்வார். காய்ச்சல், இருமல், சாப்பாட்ட வெறுக்கறது, தோல்ல வட்ட வட்டமா முடி கொட்டறது, இதுல எது வந்தாலும் அன்னிக்கே ஃபோன் பண்ணுங்க. உண்ணி மருந்த ஒரு மாசம் கூட விடாதீங்க, வலிப்பு வந்த வரலாறு இருக்கற நாய்னா மட்டும் உண்ணிக்கு கொடுக்கற அந்த சப்பற மாத்திரைக்கு முன்னால டாக்டர்கிட்ட சொல்லிடணும், 2018ல எஃப்டிஏ அது பத்தியும் எச்சரிக்கை கொடுத்திருக்கு.

குளோர்ஹெக்சிடின் ஷாம்பு போட்டு பத்து நிமிஷம் ஊற விட்டு வாரம் ஒரு குளியல், வெளிய போயிட்டு வந்தா பாதத்தத் தொடச்சு விடறது, படுக்கைத் துணிய கொதிக்கற தண்ணியில அலசறது, இதெல்லாம் சேர்ந்தா மருந்த கொறைக்க முடியும். எங்க பிரவுனிக்கு வெயில் காலத்துல தினம் மாத்திரை தேவைப்படறதில்ல, ஐப்பசி கார்த்திகை ஈரத்துலதான் தொடர்ந்து ஓடும். செலவு கட்டுப்படியாகலன்னா அதையும் டாக்டர்கிட்ட நேரா சொல்லுங்க, சென்னையா இருந்தா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, தோல் கேஸ் அங்க நெறைய பார்க்கறாங்க.

காது நாத்தத்த மட்டும் இந்த வாரமே காட்டிடுங்க. உள்ள ஈஸ்ட்டா பாக்டீரியாவான்னு பஞ்சால எடுத்துப் பார்த்துதான் சொட்டு மருந்து போடணும், செவிப்பறை கிழிஞ்சிருக்கான்னும் பார்க்கணும், அபோகுவெல் சாப்பிட்டா அரிப்பு நிக்கும், அந்த இன்ஃபெக்‌ஷன் அங்கயேதான் இருக்கும். டாக்டர் என்ன சொன்னார்னு இங்கயே எழுதுங்க, படிக்கறேன்.