பேட்டரி கேள்வி-பதில்: நண்பகல் வோல்ட்டை நம்பாதீர்கள்

கே: மின்சார இணைப்பு இல்லாத தோட்ட வீடு. சோலார் பேட்டரி நண்பகலில் 14.2 வோல்ட் காட்டுகிறது. இரவு ஒன்பதுக்கே விளக்கு அணைந்துவிடுகிறது. மீட்டர் பழுதா? (தாண்டிக்குடி)

ப: மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது, பார்த்த நேரம் தவறு. வெயில் ஏறியதும் தெரிவது கண்ட்ரோலர் (சோலார் பலகையிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) தள்ளுகிற வோல்ட். உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. எத்தனை முறை எழுதியும் மாதம் நாலு கடிதம் இதே கேள்வியோடு வருகிறது! விளக்கு, விசிறி என்று லோடு முழுவதையும் நிறுத்தி, நாலைந்து மணி நேரம் ஓயவிட்டு, விடியுமுன் பாருங்கள். நிறைந்தால் 12.7 என்கிற கார் பேட்டரிக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். இன்வெர்ட்டருக்கும் சோலாருக்கும் வைக்கிற டியூபுலர் வகை ஈய-அமில பேட்டரியில் அமிலத்தின் அடர்த்தி குறைவு, நிறைந்திருந்தாலே 12.5தான். 12.1 என்றால் பாதி தீர்ந்துவிட்டது.

வோல்ட் மட்டும் போதாது. சிறுமலையில் ஒரு வீட்டில் இன்வெர்ட்டரின் நாலு பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மூடிகளைக் கழற்றி, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சிப் பார்த்தேன். பேட்டரியின் ஆறு செல்களில் ஐந்தில் மிதவை 1240-ஐ ஒட்டி நின்றது (தண்ணீருக்கு 1000). ஓரத்துச் செல்லில் 1120-க்கு அமுங்கிவிட்டது. அந்த ஒரு செல்தான் வீட்டையே இருட்டாக்கியது. சில நூறு ரூபாய்க் கருவி அது. பல்லாயிரம் கொடுத்து பேட்டரி வாங்குகிறவர்கள் இதை வாங்க ஏன் யோசிக்கிறார்கள்?

கே: அடர்த்தி குறைந்திருக்கிறது. ஆசிட் ஊற்றலாமா? (ஏற்காடு)

ப: கூடாது. ஆவியாவது தண்ணீர்தான், அமிலம் தகடுகளில் சல்பேட்டாகப் படிந்திருக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் திரும்ப வரும். மட்டம் குறைந்திருந்தால், சார்ஜ் ஏறிய பிறகு டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம்.

கே: பேட்டரி நிற்கவில்லை. என்ன செய்ய?

ப: எத்தனை ஆம்பியர்-மணி, வாங்கி எத்தனை வருடம், என்ன லோடு, விடியற்காலை வோல்ட் எவ்வளவு? ஒன்றுகூட எழுதவில்லை. எழுதுங்கள், பார்க்கலாம்.

கே: 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இரண்டு விசிறி எவ்வளவு நேரம் ஓடும்? (தாளவாடி)

ப: 12 வோல்ட் என்றால் 1800 வாட்-மணி. பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, மிச்சம் 900. விசிறி இரண்டும் 150 வாட். இன்வெர்ட்டர் தின்பது போக ஐந்து மணி நேரம்.

கே: தகரக் கூரைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

ப: பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி. இன்றே இடம் மாற்றுங்கள்.

கே: லித்தியம் பேட்டரி 40 சதவீதம் காட்டிக்கொண்டே திடீரென்று நின்றது. ஏமாற்றிவிட்டார்களா? (கோத்தகிரி)

ப: இருக்காது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரியில் 40-லிருந்து 80 சதவீதம் வரை வோல்ட் ஏறக்குறைய 13.2-லேயே நிற்கும். அதனால், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் மீட்டர் எண்ணிக் கணக்கு வைக்கிறது. எண்ணிக்கையில் சிறு பிழைகள் சேரும். பேட்டரி நிறைந்தால்தான் கணக்கு நேராகும். ஐப்பசி மழையில் இரண்டு வாரம் நிறையாமலே ஓட்டியிருப்பீர்கள். வெயில் வந்ததும் ஒரு நாள் லோடைக் குறைத்து, நூறு தொடும்வரை ஏற்றுங்கள்.