படுக்கையில் இருப்பவரைப் பார்ப்பவருக்கு முதலில் வேண்டியது ராத்திரித் தூக்கம்

"படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை மூணு வருஷமா நான் ஒருத்தியே பார்க்கிறேன். ராத்திரி பல தடவை எழுந்திருக்கணும். இப்பல்லாம் சின்ன விஷயத்துக்கும் எரிஞ்சு விழுறேன். நான் கெட்டவளா ஆயிட்டேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகவில்லை. பராமரிப்பவர்களின் சுமையை அளக்க ஸ்டீவன் ஜாரிட் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980இல் உருவாக்கிய கேள்விப் பட்டியல் ஒன்று இன்றைக்கும் மருத்துவர்களிடம் புழக்கத்தில் இருக்கிறது. நீங்கள் பார்த்துக்கொள்கிறவர் பக்கத்தில் இருக்கும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா என்பது அதில் ஒரு கேள்வி. எல்லோரிடமும் கேட்கிற கேள்வியாகவே அதை வைத்திருக்கிறார்கள் என்றால், எத்தனை பேருக்கு அந்தக் கோபம் வந்திருக்கும் என்று பாருங்கள்.

எனக்குத் தக்கலைப் பக்கம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுசும் போய்விட்டது, இன்னும் படுக்கைதான். அண்ணன் துபாயில். வீட்டுக்காரர் விடியும் முன்னே ரப்பர் வெட்டுக்குப் போய்விடுவார். அதனால் பகல், ராத்திரி இரண்டும் என் தலையில்தான் இருந்தது. தியானம் பண்ணு, பாட்டுக் கேள், உனக்கென்று நேரம் ஒதுக்கு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எதுவும் பலிக்கவில்லை, தூங்காத உடம்பில் அதெல்லாம் ஏறவே ஏறாது. என்னை மாற்றியது முதலில் தூக்கம்தான், அதனால் அதைப் பற்றியே நிறையச் சொல்கிறேன்.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லியிருப்பார்கள், ராத்திரி எழுந்திருப்பதில் பாதி அதற்குத்தான். காற்று மெத்தை போட்ட பிறகு, வீட்டுக்கு வருகிற நர்ஸ் அப்பாவின் முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் பார்த்து, தோல் சிவக்காமல் இருக்கிறது, ராத்திரியில் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம் என்றார். (இதை நீங்களாக முடிவு பண்ண வேண்டாம், தோலைப் பார்த்து அவர்கள்தான் சொல்ல வேண்டும்.) அன்றைக்கே இன்னொன்றும் காட்டிக் கொடுத்தார். ஒரு பழைய பெட்ஷீட்டை இரண்டாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி உடம்புக்கு அடியில் நிரந்தரமாகப் போட்டுவிட வேண்டும். திருப்பும்போது ஆளைப் பிடித்து இழுக்காமல், எதிர்ப்பக்க விளிம்பைச் சுருட்டிப் பிடித்து, ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு நம் பக்கமாக இழுத்தால் உடம்பு தானாக உருண்டு வரும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. அவ்வளவுதான், என் இடுப்பு வலியே குறைந்துவிட்டது.

அந்த நர்ஸ் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருகிறவர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கியது, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே வலி நிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் அதில் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது ஆட்கள். நம்ம ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சொந்தக்காரர்கள் பழத்தோடு வருவார்கள், "நீ புண்ணியம் செய்தவ மக்ளே" என்பார்கள், காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். வந்தவர்களுக்குக் காப்பி போடுவதும் நமக்கு இன்னொரு வேலை! "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று அவர்கள் சொன்னால் அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். "சித்தி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் அப்பாகிட்ட இருங்க, நான் மார்த்தாண்டம் வரை போயிட்டு வாறேன்." நாளும் நேரமும் வேலையும் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் யாரும் முடியாது என்பதில்லை. அண்ணனிடமும் அப்படித்தான், செலவுக்குப் பணம் அனுப்பு என்பதை விட்டுவிட்டு, வாரத்தில் இரண்டு ராத்திரிக்கு ஹோம் நர்ஸ் வைக்கிறேன், அந்தச் சம்பளம் உன் பொறுப்பு என்றேன். ஒத்துக்கொண்டான். உங்கள் வீட்டுக்காரரிடமும் நாத்தனாரிடமும் இதையே கேளுங்கள், அவர்களுக்கும் அது அம்மாதானே. ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதீர்கள், ராத்திரி ஒரு மணிக்கு ஈரத்துணி மாற்ற ஊர் வராது.

கை ஓங்குகிற அளவுக்குக் கோபம் வந்தால், அவர் கட்டிலில் பத்திரமாக இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். பத்து நிமிஷம் அவர் காத்திருக்கலாம், ஒன்றும் ஆகாது.

ஆனால் இதில் ஒரு விஷயத்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஹோம் நர்ஸ் இருக்கிற ராத்திரியிலும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப் போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் அது வெறும் களைப்பு இல்லை, மருத்துவம் வேண்டும். நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். கிளம்ப வழியில்லை என்றால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பேச ஆரம்பித்ததும் நம் வாயில் மாமியார் கதைதான் முதலில் வரும். அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், கடைசியாக எப்போது உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.