நேபாளம் கெளம்பறவங்க கேட்ட கேள்வியும் என் பதிலும்

முதல்ல என்னைப் பத்தி ரெண்டு வரி. 2011ல ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸோட முதல் தடவை போனேன், அதுல இருந்து இதுவரைக்கும் ஆறு தடவை ஆச்சு. ரெண்டு ட்ரெக், ரெண்டு முக்திநாத் கோயில் யாத்திரை, மத்த ரெண்டும் போக்கராவுல சும்மா ஏரியைப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்காகவே. டிராவல் ஏஜென்ட் எல்லாம் இல்ல, யாருக்கும் பேக்கேஜ் விக்கல. கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

கே: அக்கா, நாங்க நாலு பசங்க சென்னையில இருந்து போறோம். ஒருத்தன்கிட்ட பாஸ்போர்ட் இல்ல, விசா வேணாம்ல, ஆதார் போதும்னு சொல்றாங்களே?

ப: விசா வேணாம், அது சரி. ஆனா ஆதார் போதாது தம்பி. 15 வயசுல இருந்து 65 வரைக்கும் உள்ளவங்களுக்கு பாஸ்போர்ட், இல்லாட்டி எலெக்‌ஷன் கமிஷன் குடுத்த வோட்டர் ஐடி, ரெண்டுல ஒண்ணு ஒரிஜினலா கையில இருக்கணும். சின்னப் பசங்களும் 65 தாண்டினவங்களும் மட்டும்தான் ஆதார், பான் கார்டு மாதிரி எதையாவது காட்டிப் போக முடியும். இது தெரியாம டெல்லி ஏர்போர்ட் கவுண்டர்ல ஒரு குடும்பமே நின்னு அழுததை என் கண்ணால பாத்திருக்கேன், பையில ஆதார் லேமினேஷன் போட்டு அழகா இருக்கு, ஆனா உள்ள விட மாட்டேங்கறாங்க. உங்க ஃப்ரெண்டுகிட்ட வோட்டர் ஐடி இருக்கான்னு இன்னிக்கே கேளுங்க.

கே: பணம் எப்படி கொண்டு போறது? நம்ம ரூபா அங்க செல்லும்னு கேள்விப்பட்டேன்.

ப: செல்லும், ஆனா நூறு ரூபா நோட்டா கொண்டு போங்க. 2018 டிசம்பர்ல நூறுக்கு மேல உள்ள இந்திய நோட்டை நேபாள அரசாங்கம் தடை பண்ணுச்சு, அதுக்கப்புறம் விதி மாறுது மாறுதுன்னு பேச்சு வந்துட்டேதான் இருக்கு, எந்த விதி வந்தாலும் நூறு ரூபா நோட்டுக்கு வம்பே கிடையாது. நம்ம 1 ரூபாக்கு அவங்க 1.60, ரொம்ப வருஷமா அதே ரேட்டுதான்.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. கடையில விலை கேட்டா "நானூறு"ம்பாங்க. உடனே "ஐசியா என்சியா"ன்னு கேட்டுடணும். ஐசின்னா இந்தியன் கரன்சி, என்சின்னா நேபாளி கரன்சி. நானூறு என்சின்னா நமக்கு 250 ரூபாதான். நான் முதல் தடவை காத்மாண்டு தமேல் கடைத்தெருவுல ஒரு சால்வைக்கு கேக்காமயே நாலு நூறு ரூபா நோட்டை எடுத்து நீட்டிட்டேன், அந்தக்கா சிரிச்சுட்டே ஒண்ணரை நோட்டுக்கு உண்டான மிச்சத்தைத் திருப்பிக் குடுத்தாங்க, எல்லாரும் அப்படிக் குடுக்கணும்னு இல்லையே. நிறைய கடையில க்யூஆர் ஸ்கேன் பண்ணி நம்ம யுபிஐலயே கட்டலாம், 2024ல இருந்து வந்திருக்கு, ஆனா மலைக்கு மேல போகப்போக நெட்டும் இருக்காது ஏடிஎம்மும் இருக்காது, அதனால போக்கராவுலயே காசு எடுத்துக்கங்க.

கே: நமஸ்காரம்மா. எனக்கு 67, ஆத்துக்காரிக்கு 63. பூலோகத்துல சேவிக்கக்கூடிய 106 திவ்ய தேசத்துல முக்திநாத் மட்டும்தான் பாக்கி. காலைல போக்கராவுல ஃப்ளைட் ஏத்தி சாயங்காலமே திரும்பக் கூட்டிண்டு வந்துடறேன்னு ஒருத்தர் சொல்றார். நம்பலாமா?

ப: மாமா, நமஸ்காரம். முதல்ல மேல சொன்னதையே திரும்பச் சொல்றேன், உங்களுக்கு ஆதார் போதும், மாமிக்கு 63ங்கறதால வோட்டர் ஐடியோ பாஸ்போர்ட்டோ கட்டாயம். ஒரே வீட்டுல ரெண்டு விதி!

அந்த ஒரே நாள் கணக்கை நம்பாதீங்கோ. போக்கராவுல இருந்து முக்திநாத்துக்குக் கீழ இருக்கற ஜோம்சோமுக்கு குட்டி ப்ளேன், இருபது நிமிஷம்தான், ஒரு பக்கம் அன்னபூர்ணா இன்னொரு பக்கம் தௌலகிரி, ரெண்டுமே 8,000 மீட்டருக்கு மேல, நடுவுல காளி கண்டகி பள்ளத்தாக்கு வழியாப் போகும். வெயில் ஏற ஏற வடக்கே திபெத் பக்கத்து மேட்டு நிலம் சூடாகி காத்தை மேல இழுக்கும், தெற்கே இருந்து வர்ற காத்து மொத்தமும் அந்தச் சந்துக்குள்ள புகுந்து பிச்சுக்கிட்டுப் போகும். அதனால ப்ளேன் எல்லாம் காலைலயேதான், பதினொரு மணி வாக்குல முடிஞ்சுது. அன்னிக்கு மேகம் இருந்தா அதுவும் கேன்சல். சாயங்காலம் திரும்ப ஏது ஃப்ளைட்டு?

அதைவிட முக்கியம் உயரம். போக்கரா 800 மீட்டர் சொச்சம், ஜோம்சோம் 2,700, கோயில் கிட்டத்தட்ட 3,800. காலைல ஊட்டியை விட ரொம்பத் தாழ்வான எடத்துல காபி குடிச்சவங்களை மத்தியானத்துக்குள்ள அவ்ளோ மேல கொண்டு போனா ஒடம்பு என்ன பண்ணும் சொல்லுங்கோ.

நான் என் மாமியாரைக் கூட்டிட்டுப் போனப்ப ஜீப்தான். போக்கரா, பேனி வழியா தாத்தோபானியில ஒரு ராத்திரி (அங்க வெந்நீர் ஊத்து இருக்கு, முட்டி வலிக்கு அப்படி ஒரு சொகம்), அடுத்த நாள் மார்ஃபாவுல ஆப்பிள் வாங்கிட்டு ஜோம்சோம்ல ராத்திரி, மூணாவது நாள் காலைல மேல போய் சேவிச்சுட்டு மத்தியானமே கீழ எறங்கிட்டோம். மேல ராணிபௌவாவுல தங்க லாட்ஜ் இருக்கு, ஆனா வயசானவங்க அங்க தூங்க வேணாம். ஏறிப் பாக்கறதை விட அங்க தூங்கறதுதான் தலைவலியைக் கிளப்பும்.

ஜீப் எறக்கி விடற எடத்துல இருந்து கோயிலுக்கு அரை மணி நேரம் படியும் ஏத்தமுமா நடக்கணும், குதிரை கெடைக்கும். கோயில் பின்னாடி பசுத்தலை வச்ச 108 தாரை, முன்னாடி ரெண்டு குண்டம், அதாவது குளிக்கற சின்னக் குளம். நாங்க போனது நவம்பர் கடைசி, தாரைக்குக் கீழ தரையெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸு. மாமியார் திருமங்கையாழ்வார் பாடின சாளக்கிராமமாச்சேன்னு 108லயும் நின்னே தீருவேன்னு போனாங்க, நாப்பதாவது தாரையிலயே ஒதடு நீலமாயிடுச்சு, பல்லு கடகடன்னு அடிக்குது. இழுத்துட்டு வந்து போர்வையில சுத்தி டீ குடுத்து அரை மணி நேரம் ஒக்கார வச்சோம். ஒவ்வொரு தாரையிலயும் கையில புடிச்சுத் தலையில தெளிச்சுக்கங்கோ, போதும். இதய நோய், ஆஸ்துமா இருந்தா கெளம்பறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாத்துடுங்கோ. திரும்ப வர்ற டெல்லி ஃப்ளைட்டுக்கு முன்னாடி ரெண்டு நாளாவது சும்மா விட்டு வைங்கோ, அந்த ரோட்டுல மண் சரிஞ்சா ஜீப் நின்ன எடத்துலதான் நிக்கும்.

கே: அக்கா, எவரெஸ்ட் பேஸ் கேம்ப். எனக்கு 26, டெய்லி ஜிம், 10 கிலோமீட்டர் அசால்ட்டா ஓடுவேன். மொத்தம் 10 நாள் லீவு. முடியுமா?

ப: முடியாது. அதாவது கால் முடிஞ்சுடும், மூளையும் நொரையீரலும் முடியாதுங்கும். உயர நோய்க்கு ஜிம் பாடி எல்லாம் தெரியாதுப்பா, நல்லா ஓடறவன்தான் வேகமா ஏறி மொதல்ல விழுவான். 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா இன்னிக்குத் தூங்கற எடம் நேத்து தூங்கின எடத்தை விட 500 மீட்டருக்கு மேல கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை ஒரே ஊர்ல ரெண்டு ராத்திரி. நாம்சே 3,440ல ரெண்டு ராத்திரி, டிங்போச்சே 4,410ல ரெண்டு ராத்திரி, இதைக் கொறைக்காதீங்க. பேஸ் கேம்ப் 5,364. நடக்கறதுக்கு மட்டுமே 12 நாள் வேணும்.

அது போக லுக்லா, நடை ஆரம்பிக்கற ஊரு, ப்ளேன்ல போய் எறங்கணும். சீசன்ல நெறைய ஃப்ளைட் காத்மாண்டுல இருந்து கெளம்பாது, நடுராத்திரி எழுப்பி நாலஞ்சு மணி நேரம் வேன்ல ராமேசாப் கொண்டு போய் அங்க இருந்து ஏத்துவாங்க, மேகம் வந்தா அதுவும் இல்ல. எங்க குரூப் திரும்பறப்ப லுக்லால மூணு நாள் மாட்டிக்கிட்டோம், தெனம் காலைல மூட்டையைக் கட்டிட்டுப் போய் ஒக்காந்து, தெனம் மத்தியானம் அதே லாட்ஜுக்குத் திரும்பி வந்து.

டயமாக்ஸ் மாத்திரை உதவும், சாதாரணமா 125 மில்லிகிராம் காலையும் ராத்திரியும், ஏறறதுக்கு முந்தின நாள்ல இருந்து. ஆனா சல்ஃபா அலர்ஜி இருக்கான்னு பாத்து டாக்டர் எழுதிக் குடுத்தாதான். விரல் நுனி மரத்துப்போற மாதிரி இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும், பயப்படாதீங்க. தலைவலியும் கொமட்டலும் வந்தா அதுக்கு மேல ஏறக்கூடாது, தள்ளாடி நடந்தாலோ சும்மா ஒக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கீழ எறங்கணும். இன்ஷூரன்ஸ்ல ஹெலிகாப்டர் இருக்கா, எத்தனை மீட்டர் வரைக்கும்னு படிச்சுப் பாத்து வாங்குங்க.

பத்து நாள்தான்னா அன்னபூர்ணா பேஸ் கேம்ப் போங்க, 4,130 மீட்டர், ப்ளேனே வேணாம், போக்கராவுல இருந்து ஜீப்புதான். நம்மள மாதிரி சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டுக்காரங்களுக்கு பர்மிட் ஆயிரம் ரூபா, அதுவும் என்சி.

கே: 11 வயசுப் பொண்ணோட முதல் ட்ரெக். மே லீவுலதான் முடியும்.

ப: பூன் ஹில். 3,210 மீட்டர், உல்லேரி வரைக்கும் இப்ப ஜீப்பே போகுது, அதனால அந்த ஆயிரக்கணக்கான கல்படியில ஏற வேண்டியதில்ல, மொத்தம் நாலு நாள் வச்சுக்கங்க. 2023 ஏப்ரல்ல இருந்து வெளிநாட்டுக்காரங்க கைடோட போகணும்னு விதி இருக்கு, கொழந்தையோட போறீங்க, விதி இல்லாட்டியும் கூட்டிட்டுப் போங்க. ஒண்ணு மட்டும் மனசைத் தேத்திக்கங்க, ஏப்ரல் மே-ல காட்டுத்தீப் பொகை, மத்தியான மேகம் எல்லாம் சேர்ந்து மலையே தெரியாம போகலாம். அஞ்சரை மணிக்கு எழுந்திரிச்சாதான் தெரியும். அக்டோபர் நவம்பர்னா பளிச்சுன்னு இருக்கும், ஆனா நம்ம ஸ்கூல்ல லீவு குடுக்க மாட்டாங்களே.

கே: சுத்த சைவம். பட்டினிதானா?

ப: ஐயோ, இல்லவே இல்ல. தால் பாத்துன்னு ஒண்ணு, சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு உருளைக்கிழங்குக் கூட்டு, ஊறுகாய், அப்பளம், கேக்கக் கேக்க போட்டுக்கிட்டே இருப்பாங்க. பக்தபூர் போனா மண்சட்டியில ஜூஜூ தௌன்னு தயிர், கத்தியால வெட்டலாம் அவ்ளோ கெட்டி, தயிர்சாதக்காரங்க ரெண்டு சட்டி வாங்குவீங்க. மோமோ வாங்கறப்ப மட்டும் "பஃப்"னு சொன்னா எருமைக்கறி, வெஜ்ஜுன்னு சொல்லி வாங்குங்க.

கே: நான் தனியா போற பொண்ணு. சேஃபா?

ப: நான் தனியா ரெண்டு தடவை போயிருக்கேன், பகல்ல ஒரு பயமும் இல்ல. ராத்திரி டாக்ஸிக்கு பேரம் பேசாம பதாவ் ஆப்ல புக் பண்ணுங்க. ட்ரெக்னா தனியா போகாதீங்க, பொம்பளை கைடு கேட்டா கெடைக்கும். நாப்கின் இங்கிருந்தே கொண்டு போங்க, டிஷ்யூ பேப்பரும், மேல பாத்ரூம்ல தண்ணியே ஒறைஞ்சு கெடக்கும். கடைக்கார ஆம்பளையை "தாய்"னு கூப்பிடணும், அண்ணன்னு அர்த்தம், எனக்கு முதல் நாள் வாயே வரல. அக்காவுக்கு "தீதி".

கே: அக்கா, நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து வாறம். எங்களுக்கு விசா காசு கட்ட வேணுமோ?

ப: வேணாம். சார்க் நாடுங்கறதால இலங்கைக்காரங்களுக்கு வருஷத்துல முதல் தடவை 30 நாள் விசா இலவசம், காத்மாண்டு ஏர்போர்ட்லயே குடுப்பாங்க. பாஸ்போர்ட் ஆறு மாசம் செல்லுபடியா இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க.

கே: கோயம்புத்தூர்ல இருந்து சொந்தக் கார்ல போலாம்னு...

ப: தாராளமா. சுனௌலி பார்டர்ல பன்சார்னு சொல்ற கஸ்டம்ஸ் சீட்டு போடணும், நாள் கணக்குக்கு காசு. ரெண்டு நாள் சேத்தே போடுங்க, சீட்டு தேதி தாண்டினா அபராதம். ஆர்சி, லைசென்ஸ் ஒரிஜினல் வேணும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் வேணாம், 2024 ஜூலைல நாராயண்கட் முக்லிங் ரோட்டுல நிலச்சரிவு ரெண்டு பஸ்ஸை அப்படியே திரிசூலி ஆத்துக்குள்ள தள்ளிடுச்சு. மத்த மாசத்துலயும் ராத்திரி ஓட்டாதீங்க, காத்மாண்டு போக்கரா 200 கிலோமீட்டர்தானேன்னு நெனைக்காதீங்க, எட்டு மணி நேரம்.

கே: அக்கா, பஸ் டிக்கெட்ல வருஷம் 2081னு போட்டிருக்கான், ஏமாத்திட்டானா?

ப: ஹாஹா இல்ல. அவங்க விக்ரம சம்வத், நம்மளை விட 57 வருஷம் கிட்ட முன்னாடி, நம்ம சித்திரை பொறக்கற சமயத்துலதான் அவங்களுக்கும் வருஷம் பொறக்குது. மாசமும் வேற, தேதியும் வேற, அதனால டிக்கெட் வாங்கினதும் கவுண்டர்லயே இங்கிலீஷ் தேதியை எழுதி வாங்கிக்கங்க. வாட்சையும் கால் மணி நேரம் முன்னாடி தள்ளி வைங்க, பஸ் அவங்க டயத்துக்குத்தான் கெளம்பும்.