கொள்ளுத் தாத்தா நேதாஜி படையில் இருந்தாரா?

கேள்வி: என் கொள்ளுத் தாத்தா, அதாவது பாட்டியின் அப்பா, பதினைந்து வயதில் ரங்கூன் போனவர். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து கணக்கு எழுதும் அளவுக்கு உயர்ந்தார். குண்டு போட்டபோது நடந்தே ஊர் வந்தார், நேதாஜி படையிலும் இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். சீட்டாடி நிலத்தைத் தொலைத்தவர் என்றும் சொல்வார்கள். அவருடைய ஜாதகமும் (பிலவங்க வருஷம், ஐப்பசி), 1932-ல் இரண்டு ஏக்கர் நஞ்சையை விற்ற பத்திரமும் கையில் இருக்கின்றன. பாட்டி தாரண வருஷம் ஆடியில் பிறந்தவர். கொள்ளுத் தாத்தாவின் தம்பியும் ரங்கூனில் இருந்தாராம், திரும்பி வரவில்லை. பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது இதையெல்லாம் சின்னப் புத்தகமாகக் கொடுக்க ஆசை. அந்தக் கால வரலாற்றோடு சேர்த்து எப்படி எழுதுவது?
- ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: கையில் ஒன்றுமே இல்லை என்கிற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். ஜாதகம் இருக்கிறதே! பலபேர் வீட்டில் அதுவும் இல்லாமல் "புயல் அடித்த வருஷம் பிறந்தார்" என்பதோடு நிற்கிறது. எந்தப் புயல் என்று யாரைக் கேட்பது?

முதலில் தமிழ் வருஷத்தை ஆங்கில வருஷமாக மாற்றுங்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதுதான் இதில் உள்ள ஒரே சிக்கல். பிலவங்க என்றால் 1907-08 அல்லது 1967-68. 1932-ல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் 1967-ல் பிறந்திருக்க முடியாது, ஆக 1907 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் பிறந்திருக்கிறார். இதே கணக்கில் பாட்டியின் தாரண வருஷம் ஆடி என்பது 1944 ஜூலை, ஆகஸ்ட். இந்த இரண்டு தேதிகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அப்புறம் ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் அவருடைய வயதையும் வலது பக்கம் உலகத்தில் நடந்ததையும் எழுதுங்கள். உலகம் என்றதும் ஹிட்லரில் ஆரம்பிக்காதீர்கள் (பலர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள், பாதிப் புத்தகம் ஹிட்லருக்கே போய்விடுகிறது). அவர் சாப்பாட்டிலும் சம்பளத்திலும் கை வைத்த சம்பவங்கள் மட்டும் போதும்.

பதினைந்து வயது என்றால் 1922 இறுதி அல்லது 1923. அவருடைய பாஸ்போர்ட்டைத் தேடி அலையாதீர்கள். அன்றைக்கு பர்மா வெளிநாடே இல்லை, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். தனியாகப் பிரிந்தது 1937 ஏப்ரல் 1-ல்தான். அதுவரை மெட்ராஸில் டெக் டிக்கெட் (கப்பல் தளத்தில் உட்கார்ந்து போகிற மலிவு டிக்கெட்) எடுத்துக் கப்பல் ஏறினால் ரங்கூன், அவ்வளவுதான். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகை 4 லட்சம், அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அந்தப் பையன் போய் இறங்கியபோது துறைமுகத்தில் தெலுங்குக் குரல், மொகல் தெருச் செட்டியார் கிட்டங்கியில் (வட்டிக்கடைகள் சேர்ந்திருந்த கட்டிடம்) தமிழ்க் குரல். நம் ஆட்கள் நடுவே போய் இறங்கிய மாதிரிதான் இருந்திருக்கும்.

இப்போது அந்த 1932 பத்திரத்துக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதுதான். உலகப் பொருளாதார மந்தத்தில் 1930 முதல் பர்மா நெல் விலை தலைகுப்புற விழுந்தது. கடன் வாங்கிய விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை, வட்டிக்கடைகளோ பணத்துக்குப் பதில் நிலத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதம் நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1937 வாக்கில் அது 25 சதவீதம். கேட்கப் பெரிய சொத்து, ஆனால் பெட்டியில் ரொக்கம் கிடையாது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிரான கலவரம் வேறு, அந்த ஆண்டு டிசம்பரில் தாராவதி பக்கம் சாயா சான் என்பவர் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி. இப்படிப்பட்ட நேரத்தில் கடையில் கணக்கு எழுதுகிற ஒருவருக்குச் சம்பளம் ஒழுங்காக வந்திருக்குமா? ஊருக்கு அனுப்பும் பணம் நின்றிருந்தால் வீட்டில் முதலில் எது விலை போயிருக்கும்? அவருக்கு அப்போது வயது 24.

அதற்காக அவர் சீட்டே ஆடவில்லை என்று எழுதிவிடாதீர்கள். உலக மந்தம் அவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்காது. ஆடியும் இருக்கலாம். ஆனால் சீட்டு இல்லாமலே அந்த நிலம் போவதற்கு வலுவான காரணம் இருந்தது என்பதை எழுதலாம், எழுத வேண்டும். பத்திரத்தை எடுத்து யாருக்கு விற்றார், எதற்காக என்று வாசகம் எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். "குடும்பச் செலவுக்காக", "முன் கடனைத் தீர்க்க" என்று அந்தக் காலப் பத்திரங்களில் காரணம் எழுதும் வழக்கம் உண்டு. பத்திரம் கிழிந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, நடந்து வந்த கதை. ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23, கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும். 1942 மார்ச் 8-ல் நகரம் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். பர்மாவை விட்டு அப்போது வெளியேறிய இந்தியர்கள் 4 முதல் 5 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது.

ஆனால் "நடந்து வந்தார்" என்ற ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள், எந்த வழியாக என்று கண்டுபிடிக்கலாம். பாட்டிக்கு இது நேரில் தெரியாது, அவர் பிறக்கும் முன் நடந்தது. ஆனால் அம்மாவோ அப்பாவோ சொன்ன துண்டுகள் ஞாபகம் இருக்கும். "எந்த வருஷம், எந்த ஊர்" என்று கேட்டால் "எனக்கென்னடி தெரியும்" என்றுதான் பதில் வரும். படகில் வந்ததாகச் சொன்னாரா, கடல் தெரிந்ததா என்று கேளுங்கள். அப்படியானால் புரோம் வழியாக மலை தாண்டி டவுங்கப், அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங் என்று வந்திருக்கலாம். மாண்டலே பேர் அடிபட்டால், ஆற்றில் மேலே போனோம், அப்புறம் மலை என்றால், சிந்த்வின் ஆறு, கலேவா, தாமு, இம்பால் வழி, கடைசியில் திமாப்பூரில் ரயில். அட்டை கடித்தது, சேற்றில் கால் புதைந்தது என்று சொல்லியிருந்தால் மழை பிடித்த பிறகு, மே மாதத்துக்கு மேல் வந்தவர் என்று ஊகிக்கலாம். ஒரு அட்டைப்பூச்சி தேதி சொல்லும், பாருங்கள்.

இன்னொன்றையும் வலது பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு போட, அடுத்து நாம்தான் என்று மெட்ராஸே காலியாகிக் கொண்டிருந்தது. அவர் அந்த நாட்களில் மெட்ராஸ் வந்து சேர்ந்திருந்தால், எதற்குப் பயந்து ஓடி வந்தாரோ அது இங்கேயும் முன்னால் வந்து நின்றிருக்கும். பர்மா அரிசி வரத்தும் நின்றுபோயிற்று. அந்த வருஷங்களில் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள், கேழ்வரகா, வரகா. வீட்டில் பேசிக் கேட்டது பாட்டிக்குக் கட்டாயம் ஞாபகம் இருக்கும்.

சரி, நேதாஜி. இங்கேதான் பாட்டியின் பிறந்த தேதிக்கு வேலை. நேதாஜி சிங்கப்பூர் வந்ததே 1943 ஜூலையில். ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) அரசை அறிவித்தது 1943 அக்டோபர் 21. தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றியது 1944 ஜனவரி. 1942-ல் ஊருக்கு நடந்து வந்தவர் இதில் எங்கே சேர்ந்திருப்பார்? சண்டைக்கு நடுவே திரும்பவும் பர்மா போக வழியே கிடையாது. போதாததற்கு பாட்டி 1944 ஆடியில் பிறந்தவர் என்றால் 1943 ஐப்பசி வாக்கில் அவருடைய அப்பா வீட்டில் இருந்திருக்க வேண்டும். நேதாஜி சிங்கப்பூரில் அரசை அறிவித்த அதே ஐப்பசி.

வீட்டில் இதைச் சொன்னால் மாமா ஒருவராவது கோபித்துக்கொள்வார். சொல்லித்தான் ஆக வேண்டும், ஆனால் "பொய்" என்ற வார்த்தை வேண்டாம். என் சந்தேகம் வேறு. இந்தக் கதையை யாரும் புனையவில்லை, ஆள் மட்டும் மாறியிருக்கிறார். திரும்பாத தம்பி ஒருவர் இருக்கிறாரே. 1942-க்குப் பிறகும் அவர் பர்மாவில் உயிரோடு இருந்திருந்தால், படையில் சேர வாய்ப்பு இருந்தவர் அவர்தான். மலாயாவிலும் பர்மாவிலும் இருந்த சாதாரணத் தமிழர்கள், கூலித் தொழிலாளிகளும் கடைப் பையன்களும், ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். 1945-ல் ரங்கூனில் அங்குள்ள இந்தியர்களின் பாதுகாப்புக்காக விட்டுச்சென்ற ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம், அதாவது நேதாஜி படை) பிரிவுக்குத் தலைமை வகித்த மேஜர் ஜெனரல் லோகநாதனும் தமிழர்தான். தம்பி சேர்ந்திருப்பார் என்பது என் ஊகம், உங்கள் புத்தகத்திலும் ஊகம் என்றே எழுதுங்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன. 1972-ல் மத்திய அரசு தியாகி பென்ஷன் கொண்டுவந்தபோது யாராவது அவர் பெயரில் மனுப் போட்டார்களா என்றும் பங்காளி வீடுகளில் விசாரியுங்கள்.

தேடுவதற்கு ஒரு பெயர் வேண்டும். அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அந்தத் தம்பியின் பெயர் மட்டும் அதில் இல்லை. இன்று சாயங்காலமே பாட்டியிடம் கேட்டு வையுங்கள்.